கடல்நீர் மீன்தொட்டி: குழாய் வேலையில் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மீன்களையும் விளக்குகளையும் விரிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் வைக்கும் சம்ப் (மேல் தொட்டியின் நீர் வடிந்து சேர்ந்து, பம்ப் மூலம் மீண்டும் மேலேறும் கீழ்த்தொட்டி), அதை ஒட்டிய ரெஃபியூஜியம் (பாசி வளர்க்கும் அறை), இவற்றை இணைக்கும் குழாய்கள் ஆகியவற்றை பிளம்பரைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம் என்றும், மின்சாரம் நின்றால் நீர் திரும்பி இறங்காமலிருக்க நான்-ரிட்டர்ன் வால்வு போதும் என்றும் ஓரிரு வரிகளில் கடந்துவிட்டது. அந்த வால்வை நம்பிக் குழாய் போடக் கூடாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பம்ப் நின்றதும் மேல் தொட்டியிலிருந்து நீர் இரண்டு வழிகளில் இறங்கும். மிஞ்சும் நீரை வடிகுழாய்க்குள் விடும் வழிந்தோடும் பெட்டியின் விளிம்புக்கு மேலே நிற்கும் நீர் வடிகுழாயில் வரும். நீரை மேலேற்றும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அந்த வாய் வெளியே தெரியும் வரை சைஃபனாக, அதாவது பம்ப் இல்லாமலே தானாக இழுபட்டு, அதன் வழியாகவும் வரும். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும், அதாவது ஏறத்தாழ 120-க்கு 45 செ.மீ. கொண்ட தொட்டியில் மட்டம் 2.5 செ.மீ. குறைந்தால் 13.5 லிட்டர் இறங்கும். 75-க்கு 40 செ.மீ. அளவுள்ள சம்ப்பில் அது 4.5 செ.மீ. உயரம்தான், சமாளித்துவிடலாம். குழாயின் வாயை 10 செ.மீ. ஆழத்தில் வைத்துவிட்டாலோ 54 லிட்டர் இறங்கி, 18 செ.மீ. உயர்ந்து, 35 செ.மீ. உயரச் சம்ப் பாதி நிரம்பியிருந்தாலே வெளியே வழியும். நான்-ரிட்டர்ன் வால்வின் உள்மூடியில் நாளடைவில் சுண்ணாம்புப் பாசியும் குழாய்ப்புழுக்களும் படிந்து, அது முழுதாக மூடாமல் போகும். சிறு நத்தை ஒன்று சிக்கினாலும் அதே கதிதான். ஆகவே குழாயின் வாயை மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்து, அதற்கும் மேலாக, நீர்மட்டத்தை ஒட்டிய உயரத்தில் குழாயில் ஒரு சிறு துளை இட்டு, காற்று புகுந்து சைஃபன் அறுபட வழி செய்ய வேண்டும். அந்தத் துளையையும் அவ்வப்போது பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும், பாசி அதையும் விட்டுவைக்காது.

மறுபக்கத்து ஆபத்தைக் கட்டுரை தொடவே இல்லை. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் பம்ப், சம்ப்பில் தான் இருக்கும் அறையின் நீர் முழுவதையும் மேலே தள்ளிவிடும். அந்த அறையில் 12 லிட்டர் இருந்தால், மேலே சொன்ன தொட்டியில் மட்டம் 2.2 செ.மீ. ஏறும், அந்த இடம் தொட்டியின் விளிம்புக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். வடிகுழாய் ஒன்றோடு நிற்காமல் இரண்டாகப் போடுவது நல்லது. ஆர்வலர்கள் ஹெர்பி என்று அழைக்கும் முறையில், ஒரு குழாய் காற்றே இல்லாமல் முழுவதும் நீராக ஓடும். இன்னொன்று வால்வு எதுவுமின்றி அவசரத்துக்கென்றே வெறுமனே நிற்கும். முதல் குழாயை நுணுக்கமாகத் திருகி மட்டத்தை நிறுத்த கேட் வால்வுதான் சரிப்படும். பால் வால்வில் அந்த நிதானம் வராது.

அந்த கேட் வால்வில்தான் நம் பிளம்பர்களின் பழக்கம் குறுக்கே வரும். வீட்டுக் குழாய் வேலையில் பித்தளை கேட் வால்வும் உள்ளே பித்தளைத் திரெட் பதித்த எல்போவும் உறுதிக்கு அடையாளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்புநீரில் மெல்ல மெல்லக் கசியும் செம்பு, மீன்களைவிட முன்னதாக இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். எனவே நீர் படும் இடமெல்லாம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். கண்ணாடித் துளையில் குழாயை இணைக்கும் டேங்க் கனெக்டரைப் பொருத்தும்போது வாஷரை நீர் இருக்கும் பக்கத்தில் வைத்து, நட்டைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடியில் துளையிடவே கூடாது.

ரெஃபியூஜியம் என்பது கீட்டோமார்ஃபா போன்ற பாசியை வளர்த்து, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அதன் வழியே எடுத்துவிடும் அறை. இதற்கான நீரை வடிகுழாயில் கிளை பிரித்துக் கொடுப்போர் உண்டு. அது நிதானமாகத் திருகி வைத்த மட்டத்தைக் கெடுக்கும் என்பதால், மேலேறும் குழாயில் ஒரு டீ போட்டு, பால் வால்வு வைத்து மெதுவாக விடுவதையே நான் பரிந்துரைப்பேன். அங்கிருந்து நீர் தடுப்புக் கண்ணாடியைத் தாண்டிப் பம்ப் அறைக்குள் விழ வேண்டும். தடுப்பின் மேல்விளிம்பில் சீப்புப் பல் இல்லாவிட்டால் பாசி பம்பைச் சென்றடையும். மேல் விளக்கு அணைந்த பின் இந்த அறையின் விளக்கை எரியவிட்டால், இரவில் நீரின் பி.எச். (அமில-கார அளவு) இறங்குவது குறையும்.

உப்பைக் கலப்பதற்கு முன்பே, சாதாரண நீரை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, மெயினை அணைத்துப் பார்க்க வேண்டும். நீர் இறங்கி நின்ற மட்டத்தைச் சம்ப்பின் கண்ணாடியில் மார்க்கரால் குறித்து, அதற்கும் விளிம்புக்கும் இடையே எவ்வளவு மிச்சம் என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்தக் குழாய் அமைப்பை அளவுகளுடன் கூடிய வரைபடமாக வெளியிட்டால், புதிதாகத் தொட்டி வைப்போருக்கும் அவர்களிடம் வேலைக்கு வரும் பிளம்பர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை.