ஹெப்ரானின் 1929-ஐப் பாதியில் நிறுத்தலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குக் கரையிலுள்ள ஹெப்ரான் நகரைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, 1929 ஆகஸ்டில் அங்கே யூதர்கள் கொல்லப்பட்டதை விரிவாக எடுத்துரைத்து, யூதரும் பாலஸ்தீனரும் ஒரே மண்ணில் சேர்ந்து வாழவே இயலாது என்பதற்கு இந்நகரே சான்று என்று முடிக்கிறது. பாலஸ்தீனத்தின்பால் பரிவு கொண்டு தமிழில் எழுதுவோர் பலர் 1929-ஐக் குறிப்பிடுவதே இல்லை. அவ்வகையில் கட்டுரையாளர் அதை எழுதியது நல்லதே. ஆனால் அந்நிகழ்வை முழுமையாகச் சொல்லியிருந்தால் அவருடைய முடிவு நின்றிருக்காது என்பது என் கருத்து.

கொல்லப்பட்டவர்கள் அனைவரும் ஐரோப்பாவிலிருந்து அண்மையில் வந்த குடியேறிகள் அல்லர். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தோர் பதினாறாம் நூற்றாண்டு முதல் அங்கே வாழ்ந்தனர். அண்டை வீட்டாரின் அரபு மொழியிலேயே அவர்களும் புழங்கினர். 1924-இல் லிதுவேனியாவிலிருந்து இடம் மாறி வந்த சமயக் கல்விக்கூடத்தின் மாணவர்களும் அவர்களிடையே இருந்தனர். எருசலேமில் யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவர் தொடர்பாக மூண்ட கலவரமும் அதையொட்டிப் பரவிய வதந்திகளும் ஹெப்ரானை எட்டியபோது, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷாரின் சார்பில் அங்கிருந்த ஒரே பிரிட்டிஷ் காவல் அதிகாரியால் கும்பலைத் தடுக்க இயலவில்லை. 67 யூதர்கள் உயிரிழந்தனர். சில நாட்களுக்கு முன்புதான் ஹகானா என்னும் யூதப் பாதுகாப்புப் படையினர் காவலுக்கு ஆள் தருவதாகக் கூறியிருந்தனர். ஊரின் அரபுப் பெரியவர்கள் தங்களைக் காப்பார்கள் என்று நம்பிய உள்ளூர் யூதத் தலைவர்கள் அதை மறுத்துவிட்டனர். அப்படி மறுத்தவர்களுள் ஒருவரான வங்கி மேலாளர் எலியேசர் டான் ஸ்லோனிம், தம் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர்களோடு சேர்ந்து கொல்லப்பட்டார். கட்டுரை இவ்வளவையும் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அதே நாளில் அரபுக் குடும்பங்கள் பல யூதர்களைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்து, வாசலில் நின்று கும்பலைத் திருப்பி அனுப்பியதால் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள் என்பதும் ஆவணங்களில் உள்ள செய்திதான். அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. கொன்றவர்களை வைத்து ஒரு சமூகத்தின் இயல்பை எடைபோடுபவர், காத்தவர்களை வைத்தும் எடைபோட்டுப் பார்க்க வேண்டாமா?

அடுத்து, கட்டுரை 1929-லிருந்து, இஸ்ரேல் ஹெப்ரானைக் கைப்பற்றிய 1967-க்குத் தாவுகிறது. பிழைத்தவர்களைப் பிரிட்டிஷார் எருசலேமுக்கு அழைத்துச் சென்றதையும், 1931-இல் சில குடும்பங்கள் திரும்பி வந்ததையும், 1936-இல் அரபுக் கிளர்ச்சி தொடங்கியபோது அவர்களும் வெளியேற்றப்பட்டதையும் விட்டது சிறு குறைதான். இஸ்ரேல் உருவான 1948-ஐ விட்டதை அப்படிச் சொல்ல முடியாது. ஹெப்ரானுக்கு மேற்கேயுள்ள அல் தவாயிமா கிராமத்தில் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் இஸ்ரேலியப் படையினர் ஊர்மக்களைக் கொன்றனர், எஞ்சியோர் ஓடினர். அப்பகுதியின் வேறு பல ஊர்களிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் ஹெப்ரானை அடுத்த அல் அர்ரூப், அல் ஃபவ்வார் முகாம்களில் தங்கினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வசிக்கிறார்கள். யூதர்கள் வீடிழந்த அந்நகரைச் சுற்றி, வீடிழந்த பாலஸ்தீனர்கள் குடியேறியிருந்தார்கள் என்பதை அறியாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இயலாது.

1968 பாஸ்கா பண்டிகையின்போது ரப்பி (யூத சமய குரு) மோஷே லெவிங்கரின் குடியேறிகள் குழுவினர் ஹெப்ரானின் பார்க் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி, பின்னர் வெளியேற மறுத்தனர். இதைக் கட்டுரையாளர் '1929-இல் துரத்தப்பட்டவர்களின் மீள்வருகை' என்கிறார். லெவிங்கரே எருசலேமில் பிறந்தவர். பழைய ஹெப்ரான் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். அப்பழைய குடும்பங்களின் வழிவந்தோரில் ஒரு பகுதியினர், இக்குடியேறிகள் எங்கள் பெயரால் பேச வேண்டாம் என்று 1990-களில் வெளிப்படையாகவே அறிவித்தனர். வேறு சிலர் குடியேறிகளை ஆதரித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இங்கே பெரிய கேள்வி சொத்துரிமை பற்றியது. 1929-இல் இழந்த வீட்டுக்குத் திரும்பலாம் என்றால், 1948-இல் இழந்த வீட்டுக்கு ஏன் திரும்பக் கூடாது? இஸ்ரேலின் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேறிய பாலஸ்தீனரின் நிலத்தையும் வீட்டையும் அரசின் பொறுப்பாளர் வசம் ஒப்படைத்தது. எல்லைக்குள்ளேயே வேறு ஊரில் தங்கி இஸ்ரேலியக் குடிமக்களானவர்கள் பலரின் சொத்தும் அதில் போயிற்று. 1970-ஆம் ஆண்டுச் சட்டமோ, கிழக்கு எருசலேமில் 1948-இல் யூதர்கள் விட்டுச்சென்ற சொத்துகளை அவர்கள் திரும்பக் கோர வழிசெய்கிறது. அச்சட்டம் ஹெப்ரானுக்குப் பொருந்தாது. எனினும் மீள்வருகை என்னும் வாதத்தை ஒருவர் முன்வைக்கும்போது அது இரு தரப்புக்கும் செல்லுமா என்று கேட்பது நியாயமே.

ஆபிரகாம் ஹெப்ரானிலுள்ள மக்பேலா குகையை நானூறு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய ஆதியாகமப் பகுதியைக் கட்டுரையாளர் மேற்கோள் காட்டுகிறார். அதே நூலில் இரண்டு அதிகாரங்கள் தள்ளி, ஆபிரகாமை அக்குகையில் அடக்கம் செய்தவர்கள் யூதர்களின் மூதாதையான ஈசாக்கும் அரபு மக்களின் மூதாதையாகக் கருதப்படும் இஸ்மவேலும் என்று எழுதியிருக்கிறது. 1267 முதல் ஏழு நூற்றாண்டுகள் யூதர்கள் அத்தலத்தின் வெளிப்படிகளில் ஏழாம் படியோடு நிறுத்தப்பட்டார்கள் என்பது அவர்களுடைய நியாயமான மனக்குறை. அதை மறுப்பது என் நோக்கமன்று.

1994 பிப்ரவரி 25 கட்டுரையில் ஒற்றை வரியில் கடந்துபோகிறது. அதே தலத்திலுள்ள மசூதியில் ரமலான் மாத அதிகாலைத் தொழுகையில் இருந்தவர்கள்மீது, ஹெப்ரானை அடுத்த கிர்யத் அர்பா யூதக் குடியிருப்பைச் சேர்ந்த மருத்துவர் பாரூக் கோல்ட்ஸ்டைன் துப்பாக்கியால் சுட்டு 29 பேரைக் கொன்றார். அதற்குப் பின் ஊரடங்கு விதிக்கப்பட்டது பாலஸ்தீனர்கள்மீது. நகரின் முக்கியக் கடைவீதியான ஷுஹதா தெருவின் கடைகள் மூடப்பட்டதும் அவர்களுக்கே. 1997-இல் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்த உடன்படிக்கை நகரைப் பாலஸ்தீனர் பொறுப்பிலுள்ள எச்1, இஸ்ரேலின் பொறுப்பிலுள்ள எச்2 என்று இரண்டாகப் பிரித்தது. இஸ்ரேலியப் படையின் கட்டுப்பாட்டிலுள்ள எச்2-வில் சில நூறு குடியேறிகளும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்களும் வாழ்கின்றனர். ஒரே தெருவில் நடக்கும் குற்றத்துக்கு யூதரை இஸ்ரேலியச் சிவில் நீதிமன்றமும் பாலஸ்தீனரை இராணுவ நீதிமன்றமும் விசாரிக்கின்றன. சேர்ந்து வாழ இயலாமை என்று கட்டுரையாளர் கருதுவதில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டின் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டுரையோடு அச்சிட்ட வரைபடத்தில் இப்பிரிவினை காட்டப்படவில்லை. அடுத்த இதழில் எச்1, எச்2 எல்லைகளைக் குறித்த வரைபடத்தையும், 1929-இல் அடைக்கலம் தந்த குடும்பங்களைப் பற்றிய சிறு குறிப்பையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை