‘அபிடவிட்’ ஒரு வினைமுற்று

ஐயா,

வேட்புமனு முதல் வாரிசுச் சான்று வரை எங்கும் பிரமாணப் பத்திரத்துக்குப் பெயராகப் புழங்கும் ‘அபிடவிட்’ ஆங்கிலச் சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது இடைக்கால லத்தீன். பெயர்ச்சொல்கூட அல்ல, வினைமுற்று. நம் பள்ளி இலக்கணப்படி பிரித்தால் ‘அபிடா’ பகுதி, ‘வ்’ இறந்தகாலம் காட்டுவது, ‘இட்’ படர்க்கை ஒருமை. ‘உறுதி அளித்தார்’ என்பது பொருள். நம்பிக்கையைக் குறிக்கும் ‘பிதேஸ்’தான் வேர். மணம் நிச்சயமானவரைப் பிரெஞ்சில் ‘பியான்சே’ என்பதும் அதே வேரிலிருந்துதான்.

அந்தப் படர்க்கையைக் கவனிக்க வேண்டும். பத்திரத்துக்குள் எழுதுவது ‘நான்’. ‘அவர் உறுதி அளித்தார்’ என்று சொல்ல வேண்டியவர் பிரமாணம் செய்துவைக்கும் நோட்டரி அல்லது பிரமாண ஆணையர். கடைசியில் வரும் ‘என் முன்னிலையில் கையொப்பமிட்டார்’ என்ற வரியில்தான் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு, ஆள் அனுப்பி முத்திரை வாங்கினால் அந்த வரியே பொய். குறுக்கு விசாரணையில் ‘நோட்டரியை எங்கே பார்த்தீர்கள்?’ என்ற ஒரே கேள்வியில் பத்திரம் ஆட்டம் கண்டுவிடும்.

ஆகவே நேரில் போக வேண்டும். முழுவதையும் படித்துப் பார்த்து, அடித்தல் திருத்தலில் சுருக்கொப்பமிட்டு, பக்கம்தோறும் அவர் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் படித்துக் காட்டி, அதையும் பத்திரத்தில் குறிக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவர்களிடம் ஆங்கிலப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிட்டு இந்தக் குறிப்பை விடுவது பெரும் அநியாயம். கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம்; 1969-ஆம் ஆண்டு ஆணைகள் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

அதிகம் சறுக்குவது சரிபார்ப்புப் பத்தி. ‘மேற்கண்ட யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை’ என்று தட்டச்சுக்காரர் வழக்கமாக அடித்துத் தருவது போதாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 19, விதி 3-இன்படி, தானே அறிந்ததையே பிரமாணமாகச் சொல்லலாம். வழக்கு முடியுமுன் இடையில் போடும் இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையின் பேரில் சொல்லலாம், அதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். 2 முதல் 5 வரையான பத்திகள் நேரில் அறிந்தவை, 6-ஆவது அண்ணன் சொல்லித் தெரிந்தது என்று பிரித்தே எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் 1952-இலேயே புருஷோத்தம் ஜோக் நாயக் வழக்கில் இதை வற்புறுத்தியது.

தங்கள் நாளிதழ் இதை ‘பிரமாணப் பத்திரம்’ என்றே எழுத வேண்டுகிறோம். ‘உறுதிமொழிக் கடிதம்’ வேண்டாம். அது இனிமேல் செய்யப்போவதைச் சொல்வது. அபிடவிட் நடந்ததைச் சொல்வது.