ஓடையோடு இறங்கினால் ஊர் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் இலங்கை மலைநாட்டின் நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நல்லாயிருந்தன. ஆனால் 'மனிதக் காலடி படாத இந்த ஓடைக்குப் பாதை தேவையில்லை. வழி தவறினாலும் தண்ணீரோடு இறங்கினால் ஊர் வந்துவிடும்' என்று ஒரு வசனம் இருக்கிறதே, அதை எழுதியவர் அந்த ஓடையில் எவ்வளவு தூரம் இறங்கினார் என்று தாங்கள் கேட்டிருப்பீர்கள்தானே?

நான் 1983 வரை மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவன். அந்த மலைகளில் ஓடைக்கரை நெடுக ஏலம் நட்டிருந்தார்கள். பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டுக் கீழ்க்காட்டை வெட்டிச் செய்த பயிர். ஏலம் பூப்பதும் காய்ப்பதும் தூரோடு, மண்ணை ஒட்டித்தான். ஈரத்தில் குந்தியிருந்து சருகை விலக்கி ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும். காலில் சவர்க்காரம் பூசியிருந்தாலும் அட்டை எங்கேயாவது ஏறிவிடும். இரத்தம் வழிய வழியத்தான் பெண்கள் காய் நிறுக்க வருவார்கள். அந்தத் தோட்டங்கள் கைவிடப்பட்டு ஆளுயரத்துக்கு மூடிப்போனதைப் பார்த்துத்தான் தங்கள் எழுத்தாளர் மெய்சிலிர்த்திருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளுக்கு மலைநாடு என்றால் பனியும் அருவியும். அங்கே சனம் இருப்பது தேர்தல் வந்தால்தான் ஞாபகம் வரும்.

சரி, ஓடைக்கு வருவோம். தண்ணீர் ஊரைத் தேடிப் போவதில்லை, பள்ளத்தைத் தேடிப் போகிறது. செடி மூடிய ஓடையில் இரண்டு வளைவு இறங்கினால் அருவியின் தலைப்பில் நிற்பீர்கள். அதற்குக் கீழே வெறும் பாறை. பாசி பிடித்த கல்லில் சறுக்கியாவது இறங்கிவிடலாம், திரும்ப ஏற முடியாது. இரைச்சலில் பின்னால் வருகிறவன் கூப்பிடுவதும் கேட்காது. மலையில் மழை என்றால், இங்கே வெயில் எறிக்கும்போதே தண்ணீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அதைக் கண்டால் உடனே கரையேற வேண்டும், செல்ஃபி எடுக்கக் கூடாது. நம் பெடியள் வான் பிடித்துப் போவதோ டிசெம்பர் விடுமுறையில். வாடைமழை அந்தக் கிழக்குச் சரிவில் கொட்டுகிற காலமே அதுதான்.

2010இல் யுனெஸ்கோ அந்த மலைத்தொடரை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டதைப் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். 2000ஆம் ஆண்டிலேயே அது பாதுகாப்பு வனமாகிவிட்டது, உள்ளே போக அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதற்கு மட்டும் இடம் போதவில்லை.

இடம் போதாமை எனக்குப் புதிதல்ல. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலோடு சேருகிற நம் வழுக்கையாறு, புதர் மண்டிப் பொலித்தீன் தொங்கக் கிடப்பதைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கும் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை ராசிபலன் முழுப் பக்கம் வந்தது. காலடி படாத ஓடைதான் வேண்டுமென்றால் எழுத்தாளரை அங்கே அனுப்புங்கள், பஸ் செலவாவது மிஞ்சும். மாரியில் போனால் தண்ணீரும் இருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வாரமலரில் நாலு வரி போடுங்கள்: அனுமதிச்சீட்டு எடுக்கவும், அந்த ஊர் ஆள் ஒருவரைக் கூலி கொடுத்து வழிகாட்டக் கூட்டிப்போகவும், மழைக்காலத்தில் ஓடையில் இறங்க வேண்டாம் என்று. தயவுசெய்து மரண அறிவித்தல்களுக்கு நடுவில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
சுன்னாகம்.