வென்ற பிறகு பறிபோகும் பதவி

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநங்கையர் வேட்புமனு தாக்கல் செய்வது செய்தியாகிறது. வென்ற பிறகு நடப்பதும் எழுதப்பட வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகர மக்கள் ஹிஜ்ரா எனப்படும் வட இந்தியத் திருநங்கையர் சமூகத்தின் கமலா ஜானை மேயராக்கினார்கள். அது பெண்களுக்கு ஒதுக்கிய பதவி, இவரோ சட்டப்படி ஆண் என்று சொல்லி, தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பை 2003இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே மாநிலத்தில் சோஹாக்பூர் எம்.எல்.ஏ. ஆன ஷப்னம் மௌசிக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. சட்டமன்றத்தில் அப்போது பெண்களுக்கான தொகுதியே கிடையாது.

அவரவர் பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன பிறகும் தேர்தல் அலுவலர்கள் மாறவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் அஞ்சலி குரு சஞ்சனா ஜான் பெண்கள் வார்டில் கொடுத்த மனுவைப் பரிசீலனையிலேயே தள்ளினார்கள். 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அனுமதித்தது, அவர் வென்றார். எல்லோருக்கும் இந்த வாய்ப்பு அமையாது. உள்ளாட்சித் தேர்தல் தகராறைத் தேர்தல் முடிந்த பின்னரே வழக்காகக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதுதான் பொது விதி.

ஆகவே போட்டியிட நினைப்பவர்கள் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கவே ஒரு மாதம் ஆகலாம். பிறகு படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயரையும் பாலினத்தையும் திருத்த வேண்டும். சான்றிதழ், பட்டியல், மனு மூன்றிலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ஆட்சேபம் கிளப்ப எதிர்த்தரப்புக்கு அது போதும். பெற்றோர் ஒதுக்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6இல், உறவினர் இடத்தில் தம்மை ஏற்று வழிநடத்தும் மூத்த திருநங்கையான குருவின் பெயரை எழுத மூன்றாம் பாலினத்தவருக்கு வழி இருக்கிறது.

திருநங்கையர் கூட்டமைப்பான ஜமாத்துக்குள்ளும் ஒரு மாற்றம் தேவை. சேலா, அதாவது சீடர், இருப்பது குருவின் வீட்டில். வருமானத்தில் பங்கும் குருவுக்குப் போகிறது. தேர்தலில் நிற்க வேண்டாம் என்று குரு சொல்லியும் மீறினால் கூரையும் பிழைப்பும் ஒன்றாகப் போய்விடும். தேர்தலில் நிற்பதற்கு அபராதமோ விலக்கோ கிடையாது என்று ஜமாத் தலைவர்களான நாயக்குகள் தங்கள் ஜமாத் பஞ்சாயத்தில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். திருமணம், குழந்தைப் பிறப்பு நேரத்தில் வாழ்த்திப் பெறும் பதாய் என்ற காணிக்கை கேட்டு வீடு வீடாகப் போய் வரும் மூத்தவர்கள் கூட வந்தால், பெரிய கட்சிக்கும் கிடைக்காத அறிமுகம் வேட்பாளருக்குக் கிடைக்கும்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை. அவற்றில் திருநங்கையர் போட்டியிடலாம் என்பதை மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தல் அலுவலர்களுக்கான கையேட்டில் எழுத்து மூலமாகவே சேர்க்க வேண்டும்.

– திருநங்கையருக்குச் சட்ட உதவி செய்யும் தன்னார்வலர்கள்