வாடை என்றால் வடக்கே போகும் காற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் காற்றைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. என் பேரனுக்கு 12 வயது. அதைக் கத்தரித்துப் பள்ளி நோட்டில் ஒட்டப் போனான். “இரு, இப்போது ஒட்டாதே” என்று தடுத்துவிட்டேன். வடகிழக்குப் பருவக்காற்று என்றால் வடகிழக்கு நோக்கி வீசும் காற்று என்று அதில் அச்சாகியிருக்கிறது. படத்தில் அம்புக்குறியும் தலைகீழ். காற்றுக்குப் பெயர் வைப்பது அது வரும் திசையைப் பார்த்து. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. நாலுக்கும் நாலு பெயர் வைத்திருக்கிற மொழியில் நடக்கும் பத்திரிகை இதில் தவறலாமா?

சொல்ல நீ யார் என்று கேட்டால், பாகானுக்கும் (பட்டர்வொர்த்) பினாங்குத் தீவின் தஞ்சோங்குக்கும் (ஜார்ஜ் டவுன்) நடுவே ஓடிய பழைய ஃபெரியில் 31 வருடம் கயிறு பிடித்தவன். ஓய்வுக்குப் பிறகு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் 60 மலேசிய வெள்ளிக்கு, காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கப்பல் பாரோமீட்டர் வாங்கினேன். பித்தளை, கண்ணாடியில் ஒரு கீறல். பாயான் லெப்பாஸ் விமான நிலைய அளவைப் பார்த்து முள்ளைத் திருத்தி, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மழையோ வெயிலோ, காலை 10 மணி வாக்கில் முள் ஏறி நிற்கும், மாலை 4 மணிக்கு மூன்று நான்கு மில்லிபார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கியிருக்கும். இரவு 10 மணிக்கு மறுபடி ஏற்றம். கடலுக்கு ஓதம் மாதிரி காற்றுக்கும் உண்டு. வெயில் மேல்காற்றைச் சூடாக்குவதால் வருவது அது. நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது குறை, “அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று நேராக ஓடும்” என்ற வரி. பள்ளி விடுமுறையில் பாரோமீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு பேரனோடு பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறினேன். பாதி வழியிலேயே எண்கள் முடிந்துபோய், முள் வெறும் தகட்டில் போய் நின்றது. மேல் நிலையம் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். 100 மீட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு மில்லிபார் என்று குறையும். அந்தக் கணக்கில் கீழே 1010 என்றால் மேலே 930. பயல் இப்போது உங்கள் வரியைக் காட்டி மடக்குகிறான்: “அப்படின்னா கீழிருந்து மேலே புயலே அடிக்கணுமே தாத்தா?”

நியாயமான கேள்வி. அடுக்கி வைத்த அரிசி மூட்டையில் அடி மூட்டைதான் அதிகம் நசுங்கும். அதற்காக அது மேலே எகிறிக் குதிப்பதில்லை, மேலுள்ள பாரம் அமுக்குகிறது. காற்றும் அப்படித்தான். பக்கவாட்டில் அப்படித் தடுக்க எடை எதுவும் இல்லை. அதனால் சில நூறு கிலோமீட்டருக்கு நாலைந்து மில்லிபார் வித்தியாசம் இருந்தாலே காற்று கிளம்பிவிடும்.

கிளம்பினாலும் நேராகப் போகாது. டிசம்பரில் சைபீரியா உறைந்து கிடக்கும்போது அங்கே காற்று கனத்து, அழுத்தம் 1040-ஐயும் தாண்டும். அது தெற்கே இறங்குகிறது. பூமி கிழக்கே சுழல்கிறது அல்லவா? நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, சைபீரியாவில் ஏறத்தாழ அதில் பாதி. மெதுவான தரையிலிருந்து வருகிற காற்று நம் பக்கம் வரும்போது பின்தங்கிப்போகிறது. நமக்கு அது வடகிழக்கிலிருந்து வருவதாகப் படுகிறது. ஜார்ஜ் ஹேட்லி என்ற ஆங்கிலேயர் 1735-இலேயே சொன்ன விளக்கம். கணக்கைப் பிற்பாடு திருத்தினார்கள், மூலக்கருத்து நிற்கிறது. ஜூன், ஜூலையில் ஆஸ்திரேலியாவுக்குக் குளிர்காலம். அங்கிருந்து கிளம்பும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் இந்தப் பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது.

வாடைக் காலத்தில் தென்சீனக் கடல் ஈரமெல்லாம் கிழக்குக் கரையில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டும். தித்திவாங்சா மலைத்தொடர் மறைப்பதால் பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் துணி ஒரே மணி நேரத்தில் காயும். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கும்பினிக்காக இந்தத் தீவைப் பிடித்ததிலும் இந்தக் காற்றுக்குப் பங்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்க முடியாது. வங்கக் கடலின் இந்தப் பக்கம் ஒதுங்க ஓர் இடம் கும்பினிக்கு வேண்டியிருந்தது.

பூமி காற்றைத் திருப்பும் அந்த வேலை நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே மிகவும் பலவீனம். நாம் இருப்பது அதற்கு வடக்கே ஐந்தரைப் பாகையில். சுழன்று வரும் பெரும்புயல் இங்கே உருவாவது அபூர்வம் என்பது அதனால்தான். அபூர்வம், அவ்வளவே: 2001 டிசம்பர் கடைசியில் வாமெய் புயல் ஒன்றரைப் பாகைக்குப் பக்கத்தில் உருவாகி ஜொகூரில் கரையேறியது.

நம்மைப் படுத்துவது ‘சுமத்ரா’ என்று நாம் சொல்லும் திடீர்ச் சூறைக்காற்றுதான். அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி இல்லை. விடியற்காலையில் கொடிமலைக்குப் பின்னால் கோடு கிழித்த மாதிரி மேகம் கறுத்து நிற்கும். காற்று சட்டென்று அடங்கும். அப்புறம் முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றினது போல ஒரு குளிர். அடுத்த நிமிடம் ஃபெரியின் தார்ப்பாய் கிழியும். போன ஆகஸ்டில் ஒன்று வந்தபோது எழுந்து போய் முள்ளைப் பார்த்தேன். இறங்கியிருக்கும் என்று நினைத்தால் கால் மணி நேரத்தில் இரண்டு ஏறியிருந்தது! மழையோடு இறங்கும் குளிர்காற்றுக்குக் கனம் அதிகம்.

ஒரு வேண்டுகோள். வானிலைப் பெட்டியில் தினமும் “மாலையில் இடியுடன் மழை” என்று போடுகிறீர்கள். சரி, அதோடு காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அழுத்தம் எவ்வளவு என்று இரண்டு எண் சேர்த்துப் போடுங்கள். வானிலை ஆய்வுத் துறையில் கேட்டால் கிடைக்கும். அந்த அம்புக்குறிக்கு ஒரு திருத்தமும் வேண்டும். பேரன் நோட்டில் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறது, பசையும் காய்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபெரி ஊழியர்,
பட்டர்வொர்த்.