கூரை மாற்றுவோர் அற்றிக்கையும் திறந்து பார்க்கவேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கோடை முடியும் நேரத்தில் ரொறன்ரோவின் தமிழ்ப் பத்திரிகைகளில் கூரை வேலை விளம்பரங்கள் கூடிவிடும். விலையும் உத்தரவாத ஆண்டுகளும் பெரிய எழுத்தில் இருக்கும். ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட பங்களோ என்ற ஒற்றைத்தள வீடுகளில் வாழும் வாசகருக்கு அந்த இரண்டு எண்களும் அதிகம் உதவா. அவ்வகை வீடுகளில் கூரை ஒழுகுவதற்கான காரணம் பல வேளைகளில் சிங்கிள்ஸ் என்ற தார் ஓடுகளுக்குக் கீழே, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவேயுள்ள அற்றிக் என்ற வெற்றிடத்துக்குள் இருக்கிறது. அதைத் தொடாமல் மேற்பரப்பை மட்டும் மாற்றினால், எவ்வளவு விலைகூடிய சிங்கிள்ஸ் போட்டாலும் பெப்ரவரியில் சுவரோரம் மறுபடி நனையும். வேலை தெரிந்தவன் என்ற முறையில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வீட்டுக்காரர் கவனிக்கவேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பனிக்கட்டி அணை. வீட்டுச் சூடு சீலிங்கின் துளைகளாலும் இடுக்குகளாலும் அற்றிக்குக்குள் ஏறுகிறது. கூரைப் பலகை சூடாகி, மேலே கிடக்கும் பனியின் அடிப்பகுதி உருகுகிறது. உருகிய நீர் சரிவால் இறங்கித் தாழ்வாரத்தை அடைகிறது. தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே வீட்டுச் சூடு இல்லை. நீர் திரும்ப உறைகிறது. உறைந்த கட்டி நாளுக்கு நாள் உயர, அதற்குப் பின்னால் நீர் தேங்கி, சிங்கிள்ஸின் அடியால் மேல்நோக்கிப் புகுந்து, ஆணித் துளைகளால் உள்ளே இறங்குகிறது. சிங்கிள்ஸ் என்பது ஓடும் நீரை வடியவிடும் பொருள். தேங்கி நிற்கும் நீரைத் தடுக்க அதனால் முடியாது. கூரையோரம் நீர் வடியும் பீலியில் பனிக்கட்டி தொங்குகிறது என்று பீலியைக் குறைசொல்பவர்கள் பலர். பீலி அங்கே காரணம் அல்ல.

இதற்குப் பாதுகாப்பாகத்தான் தாழ்வார ஓரத்தில் ஐஸ் ஷீல்ட் என்ற ஒட்டும் விரிப்பைப் போடுகிறார்கள். கூரை விளிம்பிலிருந்து சரிவு வழியே குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலேறி, வெளிச்சுவரின் உட்புற முகத்தைத் தாண்டி இன்னும் 300 மில்லிமீற்றர் உள்ளே செல்லவேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டட விதி. முதல் எண்ணை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது எண்ணை மறந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். தாழ்வாரம் 16 அங்குலம், செங்கல் முகப்புள்ள சுவரின் தடிப்பு ஏறக்குறைய 10 அங்குலம், அதற்கு அப்பால் 12 அங்குலம்: கிடையாக 38 அங்குலம். 12 அங்குலத்துக்கு 4 அங்குலம் உயரும் சரிவில் இது 40 அங்குலமாகிறது. தாழ்வாரம் 24 அங்குலமானால் 48 அங்குலத்தைத் தாண்டும். விரிப்புச் சுருளின் அகலமோ 36 அங்குலம். ஆகவே இந்த பங்களோக்களுக்கு ஒரு வரி போதாது, இரண்டு வரி வேண்டும். "ஐஸ் ஷீல்ட் போடப்படும்" என்று மட்டும் விலைத்தாளில் எழுதியிருந்தால் அது ஒரு வரிதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கூரையின் இரண்டு சரிவுகள் கூடும் பள்ளங்களிலும் 36 அங்குல விரிப்பு வேண்டும்.

இந்த விரிப்பு உள்ளே வரும் நீரைத் தடுக்குமே தவிர, பனிக்கட்டி உருவாவதை நிறுத்தாது. அதை நிறுத்த மூன்று வேலைகள் உண்டு: சீலிங் துளைகளை அடைத்தல், காற்றோட்டத்தைச் சரிசெய்தல், சூடு கடக்காமல் தடுக்கும் இன்சுலேஷனைக் கூட்டுதல். வரிசையும் இதுதான். துளைகளை அடைக்காமல் மேலே இன்சுலேஷனைக் கொட்டினால், ஈரக்காற்று அதனூடாக ஏறி, முன்னைவிடக் குளிர்ந்துபோன கூரைப் பலகையில் உறைபனியாகப் படியும். பிறகு அடைப்பதற்கு அந்தத் துளைகளைத் தேடிப்பிடிப்பதும் பெரும்பாடு.

எமது வீடுகளில் இந்த ஈரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். மூன்று தலைமுறை ஒரு கூரையின் கீழ் வாழும் வீடு, தினமும் சோறும் புட்டும் இடியப்பமும் அவியும் அடுப்பு, கீழ்த்தளத்தில் இன்னொரு சமையலறை. இத்தனை நீராவியும் எங்காவது போகவேண்டும். குளியலறை மின்விசிறியின் குழாய் அற்றிக்குக்குள் வெறுமனே திறந்து கிடக்கும் வீடுகள் ஏராளம். கடுங்குளிரில் கூரைப் பலகையைத் துளைத்து நிற்கும் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் உறைபனி படியும். குளிர் திடீரென்று தணியும் நாளில் அத்தனையும் ஒன்றாக உருகிச் சொட்டும். மழை இல்லாத நாளில் சீலிங்கில் பொட்டுப் பொட்டாக ஈரம் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். இதைக் கூரை ஒழுக்கு என்று நம்பி, இன்னும் பத்து ஆண்டு உழைக்கக்கூடிய சிங்கிள்ஸைக் கழற்றி எறிகிறார்கள்.

அடைக்கவேண்டிய இடங்கள்: அற்றிக் வாசல் மூடியின் சுற்றோரம், கழிவுநீர்க் காற்றுக்குழாய் சீலிங்கைத் துளைக்கும் இடம், மின்கம்பித் துளைகள், சீலிங்கில் பதித்த விளக்குகள், உட்சுவர்களின் தலைக்கட்டை ஓரங்கள். புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளியை மட்டும் நுரையால் அடைக்கக்கூடாது, தீப்பிடிக்கும். தகடும் தீ தாங்கும் பசையும் போடவேண்டும். குளியலறைக் குழாய் இன்சுலேஷன் சுற்றிய 4 அங்குலக் குழாயாக, திரும்பிவரும் காற்றைத் தடுக்கும் மடலுள்ள தனி மூடி வழியே கூரைக்கு வெளியே போகவேண்டும். அடுப்பு மேல் விசிறிக்கு வேறாக ஓர் உலோகக் குழாய். இவற்றைத் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தால் வெளியே விட்டால், அதே ஈரக்காற்றைப் பக்கத்திலுள்ள காற்றுத் துளைகள் திரும்ப உள்ளே இழுத்துவிடும். கூரை திறந்திருக்கும் நாளில் இந்த மூடிகளைப் போட அதிகச் செலவில்லை. பிறகு செய்வதானால் புதுக் கூரையில் ஓட்டை போடவேண்டும்.

காற்றோட்டத்துக்கான கணக்கு எளிது. சாதாரணச் சரிவுள்ள அற்றிக்கில், இன்சுலேஷன் போட்ட சீலிங் பரப்பின் 300இல் ஒரு பங்கு திறந்த துளையாக இருக்கவேண்டும். அதில் கால்வாசியாவது மேலேயும், கால்வாசியாவது கீழேயும் அமையவேண்டும் என்பது விதி. பாதிக்குப் பாதி வைப்பதே நல்லது. 28க்கு 40 அடி பங்களோவின் பரப்பு 1,120 சதுர அடி. அதன் 300இல் ஒன்று ஏறக்குறைய 540 சதுர அங்குலம். மேலே வரவேண்டிய பாதி 270. கூரைமேல் வைக்கும் காற்றுப்போக்கியான சாதாரணப் பெட்டி வென்ற் ஒன்று 50 சதுர அங்குலம் தருமானால் ஆறு வேண்டும். பல வீடுகளில் இரண்டோ மூன்றோதான் இருக்கின்றன. கூரை முகடு நெடுக அமையும் முகட்டு வென்ற் போட்டால் பெட்டி வென்ற்களை எடுத்துவிட வேண்டும். இரண்டும் கலந்தால் காற்று கீழிருந்து வராமல் மேலேயுள்ள ஒரு துளையால் புகுந்து பக்கத்துத் துளையால் போய்விடும். மின்விசிறி வைத்து அற்றிக் காற்றை இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழ்த் துளை போதாத வீட்டில் அது சீலிங் இடுக்குகளால் உங்கள் சூடான காற்றையே உறிஞ்சும்.

பெரிய குறை கீழ்ப்பாதியில்தான். தாழ்வாரத்தின் அடிப்புறத்தில், சொஃபிற் என்று சொல்லும் இடத்தில், துளையிட்ட அலுமினியத் தகடு அழகாக இருக்கும். ஒரு தகட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே 1960ஆம் ஆண்டின் பழைய பலகை முழுசாக, ஒரு துளையும் இல்லாமல் இருக்கக்கூடும். வெட்டாமல் மேலே தகட்டைப் பொருத்திவிட்டுப் போயிருப்பார்கள். பலகையை வெட்டித் திறந்தாலும், உள்ளே இன்சுலேஷன் ஓரம்வரை திணிந்து வழியை அடைத்திருக்கும். அதற்கு ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் காற்றுத் தடுப்புத் தட்டு வைத்து, கூரைப் பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே 63 மில்லிமீற்றர் வழி விடவேண்டும். சரிவு குறைந்த பங்களோவில் ஒருவர் உள்ளே தவழ்ந்து அந்த ஓரத்தை எட்டுவது முடியாத காரியம். சிங்கிள்ஸைக் கழற்றிய நாளில் தாழ்வார ஓரத்திலுள்ள கடைசி இரண்டு கூரைப் பலகைகளைத் தூக்கினால், நின்றபடியே மேலிருந்து எல்லாத் தட்டுகளையும் வைத்துவிடலாம். இந்த வாய்ப்பு இருபது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். என்னைக் கேட்டால், கூரை மாற்றுவதில் கிடைக்கும் பெரிய நன்மையே இதுதான்.

அதன் பின் இன்சுலேஷன். ஊதிப் போடும் காகித நாரான செலுலோஸில், ஆர்-60 என்ற வெப்பத் தடுப்பு அளவைப் பெற ஏறக்குறைய 16, 17 அங்குலம் தேவை. பழைய வீட்டில் நாலைந்து அங்குலம் மட்டும் கிடப்பது வழக்கம். ஆனால் எதையும் கிளறுமுன் ஒன்றைப் பாருங்கள்: சாம்பல் கலந்த பழுப்பிலோ பொன்னிறத்திலோ சிறு கல் போன்ற மினுமினுக்கும் துகள்களாக இருந்தால் அது வேர்மிகுலைற் என்ற கனிம இன்சுலேஷன். 1990இல் மூடப்பட்ட மொன்ரானா மாநில லிபி சுரங்கத்திலிருந்து வந்த சரக்கில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. சோதனை முடியும்வரை கைவைக்காதீர்கள், கூரை வேலையையும் தொடங்காதீர்கள். மேலே அடிக்கும் அதிர்வில் தூசி விளக்குத் துளைகளால் அறைக்குள் இறங்கும்.

பழைய சிங்கிள்ஸின் மேல் புதியதைப் போட்டு மூடும் மலிவு வழியை ஏற்கவேண்டாம். அடிப்பலகை தெரியாது, ஐஸ் ஷீல்ட்டைப் பலகையில் ஒட்டமுடியாது, பனியின் பாரத்தோடு இன்னொரு அடுக்கின் பாரமும் சேரும். முழுவதும் கழற்றினால் 6 அல்லது 8 அங்குலப் பலகைகள் தெரியும். இடைவெளி அகன்ற இடத்தில் அடித்த ஆணி எதையும் பிடிக்காது. உக்கிய பலகையை மாற்றவேண்டும். இடைவெளி எங்கும் இருந்தால் மேலே பிளைவூட் விரிக்கவேண்டும், தாள்களுக்கு நடுவே குறைந்தது 2 மில்லிமீற்றர் விட்டு. பலகை நிலை முன்கூட்டித் தெரியாது என்பதால், 4க்கு 8 அடித் தாள் ஒன்றுக்கு என்ன விலை என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். பாதிக் கூரை திறந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது.

மேலே சொன்ன பங்களோவுக்கு, தாழ்வாரத்தையும் வீண்போகும் துண்டுகளையும் சேர்த்து 16 ஸ்குயர் (ஒரு ஸ்குயர் 100 சதுர அடி), அதாவது 48 கட்டு சிங்கிள்ஸ் வேண்டிவரும். முகட்டுத் துண்டுகளும் தொடக்க வரியும் வேறு. ஆணி சிங்கிள்ஸில் குறித்த கோட்டில் விழவேண்டும். இரட்டை அடுக்கு சிங்கிள்ஸில் அந்தக் கோட்டுக்கு மேலே அடித்தால் ஒரு அடுக்கை மட்டும் பிடிக்கும். சில ஆண்டில் கீழ் அடுக்கு வழுக்கி இறங்கும். காற்று அழுத்தம் கூடிய ஆணித் துப்பாக்கி தலையைச் சிங்கிள்ஸுக்குள் புதைத்துவிடும், அது பாதி வெட்டிய மாதிரி. ஒன்றுக்கு நான்கு ஆணி, காற்று அடிக்கும் இடத்தில் ஆறு. ஆணி பலகைக்குள் 12 மில்லிமீற்றராவது இறங்கவேண்டும், அல்லது அதைத் துளைத்து வெளியே வரவேண்டும்.

சுவரோடு சேரும் இடத்தில் படிப்படியான தகடுகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதை வைத்துப் பசை பூசுவது இரண்டு குளிர்காலம் தாங்காது. புகைபோக்கித் தகடு செங்கல் இணைப்புச் சாந்துக்குள் வெட்டிச் செருகப்படவேண்டும். புகைபோக்கியின் மேற்புற அகலம் 750 மில்லிமீற்றரைத் தாண்டினால் அதன் பின்னால் நீரைப் பிரித்துவிடும் சிறு மேடு தேவை. எந்த உபகரணமும் பயன்படுத்தாத புகைபோக்கி என்று எரிவாயுத் தொழில்நுட்பர் உறுதிசெய்தால், அதைக் கூரைக்குக் கீழே இறக்கிப் பலகையால் மூடிவிடலாம். ஒழுகும் இடம் ஒன்று குறையும்.

காலமும் முக்கியம். சிங்கிள்ஸின் அடியிலுள்ள தார்ப்பசை வெயில் சூட்டில்தான் ஒட்டும். ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பின் போட்டால் வசந்தம்வரை ஒட்டாமல் கிடந்து காற்றில் எழும்பலாம். தவிர்க்க முடியாவிட்டால் ஒவ்வொன்றின் அடியிலும் கையால் பசைப் பொட்டுகள் வைக்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

வீட்டு வாசலில் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடமளிக்கிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால், நீங்கள் சம்மதிக்காமல் அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. வேலையாட்களுக்கான டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபை) சான்றிதழையும் பொறுப்புக் காப்புறுதியையும் வேலைக்கு முன்பே கேளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கூரை விளம்பரம் தருவோரிடம், விலையோடு மூன்று விடயங்களையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்: ஐஸ் ஷீல்ட் எத்தனை வரி, காற்றுத் துளையின் பரப்பு மேலே எவ்வளவு கீழே எவ்வளவு, தாழ்வாரத் தட்டுகளும் குளியலறைக் குழாய் மூடியும் விலையில் அடங்குமா. இவற்றுக்குப் பதில் தரக்கூடிய நல்ல வேலைக்காரர்கள் எம்மவரிடையே இருக்கிறார்கள். இன்று அவர்கள் மலிவு விலைக்காரரிடம் வேலையை இழக்கிறார்கள்.

இப்படிக்கு,
கூரைத் தொழிலாளர் ஒருவர்
ஸ்காபரோ