86 வருஷமும் ஒரு மதியச் சாப்பாடும்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். ஐந்து மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். நம் 'தபேலா'வுக்குப் பேரன் பிறந்திருக்கிறானாம். அவனாவது தாளம் தப்பாமல் அழட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில், விசுவாசத்துக்காகத் தீயில் எரிக்கப்பட்ட பேராயர் பொலிக்கார்ப்பைப் பற்றி எழுதியிருந்தாயே. கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறேன் என்ற ரோம அதிபதியிடம், 86 வருஷமாக எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவரை எப்படிச் சபிப்பேன் என்றாரே, சிமிர்னாவின் அந்தக் கிழவர். படித்துக் கண் கலங்கினேன். மறுநாளே அலுவலகத்தில் சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் கேட்டார்: "இதையெல்லாம் நிஜமாவே நம்புறீங்களா?" எதிரே தீயும் இல்லை, அதிபதியும் இல்லை, டிபன் டப்பாதான். "சின்ன வயசுப் பழக்கம் சார், அவ்வளவுதான்" என்று சிரித்துவைத்தேன். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது கூவியதுபோல் சேவல் கூவவில்லை. கூவியிருந்தால் அழவாவது செய்திருப்பேன்.

உயிருக்குப் பயந்தேன் என்றாலும் ஒரு மரியாதை இருக்கும். இளப்பமாகப் பார்ப்பார்களோ என்று பயந்தேன், அவ்வளவுதான். நம் பிரசங்கங்களில் தானியேலைப் போட்ட சிங்கக்கெபி வருகிற அளவுக்கு இந்தப் பயம் வருவதில்லை.

ஆறுதலுக்கு எல்லாரும் பேதுருவிடம் போவார்கள். எனக்கு மாற்குதான். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணத்துக்குக் கிளம்பியவன் பெர்கேயிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று, அதை அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதிய லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை, நல்ல மனுஷன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டவே வேண்டாம் என்று பவுல் பர்னபாவோடு சண்டையே போட்டார். அதே பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு உதவியாயிருப்பான் என்கிறார். இடையில் அவனைத் தேற்றியது யார்? பர்னபா அவனைச் சீப்புருதீவுக்குக் கப்பலேற்றிப் போனது மட்டும் எழுதியிருக்கிறது. நீதான் என் பர்னபா என்றெல்லாம் சொல்ல மாட்டேன், உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

இப்போது கேள். நேற்று அதே சார் தனியாக வந்தார். அடுத்த வியாழக்கிழமை அவர் அம்மாவுக்கு ஆபரேஷன். "உங்க ஆட்கள்ல நிஜமா ஜெபிக்கிறவங்க யாரையாவது தெரியுமா?" என்றார். அந்த 'நிஜமா' இருக்கிறதே, நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "நானே ஜெபிக்கிறேன் சார். அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என்ன நினைத்தாரோ.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். நீயும் ஜெபி. மூட்டுவலியோடு முழங்காலில் நிற்க வேண்டாம், நாற்காலியே போதும்.

உன்,
பழைய திருடன்